முக்கோணம் சுட்டவள்

செர்னோவ்ட்சி
9 நவம்பர் 1952

அன்புள்ள ரெஜினா அக்காவுக்கு,

மல்வினா எழுதுகிறேன். நானும் ஹெர்ஷும் சௌக்கியம். அவருடைய இருமல் மட்டும் மழைக்கு முந்தின நாளே வந்து, குடை எடுத்துப் போ என்று எனக்குச் சொல்லிவிடுகிறது. நீயும் அத்தான் நாவுமும் எப்படி இருக்கிறீர்கள்? நாள் முழுக்கப் பிள்ளைகளின் தொண்டையைப் பார்க்கிறவள் உன் தொண்டையையும் ஒருநாள் பார்த்துக்கொள்.

இந்த வருஷம் கசகசா நல்ல விளைச்சல். சந்தையில் பராஸ்காவிடம் ஒரு பை நிறைய வாங்கினேன். "எதுக்கும்மா இவ்ளோ? ஊரையே தூங்க வைக்கப் போறியா?" என்று கேட்டாள். "ஊரு தூங்கினாத்தான் எனக்கு நிம்மதி" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

பூரிம் பண்டிகை மார்ச் ஒன்றாம் தேதி வருகிறது. நம் யூத ஜனங்களை ஒரே நாளில் ஒழித்துவிடச் சீட்டுப் போட்டு நாள் குறித்தானே அந்தப் பாரசீக மந்திரி ஆமான், அவன் பேரில் கசகசா வைத்த முக்கோணம் சுட்டு வருஷா வருஷம் கடித்துத் தின்பதில் எனக்கு அலுப்பே வருவதில்லை. இந்த முறை உனக்கு இரண்டு டப்பா அனுப்பலாம் என்றிருக்கிறேன். இங்கே உலர்ந்த திராட்சை கண்ணில் படுவதில்லை. மாஸ்கோவில் கிடைத்தால் அனுப்பு. போன வருஷம் அனுப்பியதை யார் யார் தின்றார்கள் என்று நீ எழுதவே இல்லை. அம்மா இருந்தால் விட்டிருப்பாளா?

எங்கள் பின்னலாடை ஆலையின் பல் டாக்டர் ஸ்பீகெல்மானை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அத்தானுக்கு வணக்கம் சொல்.

உன் தங்கை
மல்வினா


மாஸ்கோ
30 நவம்பர் 1952

என் அருமை மல்வினா,

சௌக்கியம், சௌக்கியம். என் தொண்டையையும் கண்ணாடியில் பார்த்துவிட்டேன். பேசிப் பேசித் தேய்ந்திருக்கிறது, வேறொன்றுமில்லை. ஹெர்ஷ் இரவில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு புகை பிடிப்பதை நிறுத்தினால் இருமல் பாதி போகும். டாக்டர் சொன்னதாகச் சொல்.

திராட்சை தனியாக அனுப்பியிருக்கிறேன். போன வருஷக் கணக்கு இதோ: அத்தான் ஐந்து. நான் மூன்று. மீதியை அடுக்களையில் வைத்தேன். எங்கள் அடுக்களையில் ஐந்து குடும்பத்து அடுப்புகள் இருப்பது உனக்குத் தெரியுமே, தட்டு வைத்த சுவடு தெரியாமல் காலியாகிவிட்டது. பக்கத்து அறை கிளாவ்தியாவின் மகள் தாஸ்யா மூன்றைத் தின்றுவிட்டு விடிய விடியத் தூங்கினாளாம். மறுநாள் காலை கிளாவ்தியா சிரித்துக்கொண்டே வந்தாள்: "அப்படி என்னதான் போட்டீங்க டாக்டரம்மா? அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குது புள்ள!" அவளுக்கு ராத்திரியெல்லாம் நல்ல ஓய்வு. இந்த வருஷம் எப்போது வரும் என்று தாஸ்யா இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே இரண்டு டப்பாவாகவே அனுப்பு.

ஸ்பீகெல்மானைப் பற்றி எழுதியிருந்தாய். அதையெல்லாம் கடிதத்தில் எழுத வேண்டாம்.

உன் அக்கா
ரெஜினா


மாஸ்கோ
18 ஜனவரி 1953

அன்புள்ள மல்வினா,

உன் புதுவருஷ வாழ்த்தும் அதற்குப் பின் எழுதிய கடிதமும் கிடைத்தன. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நாங்கள் நலம்.

இரண்டு விஷயம். இனிமேல் யித்திஷில் எழுதாதே, ருஷ்ய மொழியில் எழுது. அத்தானுக்கும் படிக்க வசதியாக இருக்கும். இன்னொன்று, எனக்குச் சர்க்கரை வியாதி ஆரம்பித்திருக்கிறது. இனிப்பைத் தொடக் கூடாது என்கிறார்கள். அதனால் இந்த வருஷம் பார்சல் அனுப்பாதே. வருத்தப்படாதே.

குளிர் அதிகம். கவனமாக இரு. ஹெர்ஷிடமும் சொல்.

ரெஜினா


செர்னோவ்ட்சி
27 ஜனவரி 1953

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடி ருஷ்ய மொழியில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நாங்கள் சுகமாக இருக்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? நிஜமாகக் கேட்கிறேன்.

அத்தான் என்னைவிட நன்றாக யித்திஷ் படிப்பார். நம் வம்சத்தில் யாருக்கும் சர்க்கரை வியாதி வந்ததில்லை. நான் படிக்காதவள்தான் அக்கா, ஆனால் இங்கேயும் பேப்பர் வருகிறது. ஆலையில் மேற்பார்வைக்காரி எங்களை எல்லாம் நிற்க வைத்து அதை வாசித்தாள். மாஸ்கோவின் பெரிய டாக்டர்கள் வெள்ளை அங்கிக்குள் இருந்த கொலைகாரர்களாம். மருந்து கொடுக்கிற சாக்கில் பெரிய மனிதர்களைக் கொன்றார்களாம். பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசித்தாள். எல்லாம் நம் யூதப் பெயர்களாகவே வந்துகொண்டிருந்தன.

முடிந்ததும் பக்கத்து மெஷின் நாஸ்த்யா மெதுவாகக் கேட்டாள்: "உங்க அக்காவும் டாக்டர்தானே மல்வினா?"

"ஆமா. குழந்தைங்க டாக்டர்."

"குழந்தைங்களுக்கா!" என்றாள். அவ்வளவுதான். மதியம் சாப்பாட்டுக்கு என் பக்கத்தில் உட்காரவில்லை.

ஆனால் முக்கோண விஷயத்தில் நீ சொல்வதைக் கேட்க மாட்டேன். யுத்தத்தில் எங்களை ரயில் பெட்டியில் ஏற்றி ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோய்த் தள்ளிய குளிர்காலத்தில், பன்றிக்கொட்டகையில் இருந்துகொண்டு அம்மா பூரிம் செய்தாள். கையில் ஒரு பிடி மக்காச்சோள மாவு. தகரத்தின் மேல் வைத்து முக்கோணமாகச் சுட்டாள். உள்ளே ஒன்றுமில்லை. "உள்ள என்னம்மா இருக்கு?" என்று கேட்டேன். "இடம் இருக்கு. அடுத்த வருஷம் ரொப்பிக்கோ" என்றாள். அடுத்த மாதம் டைபஸ் காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று. நீ அப்போது ராணுவ ஆஸ்பத்திரியோடு எங்கோ யூராலில் இருந்தாய். அந்த வருஷமே நிற்காதது ஒரு பேப்பருக்காக நிற்க வேண்டுமா?

சர்க்கரை குறைத்து, தேனும் குறைத்துச் சுடுகிறேன். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேர் மட்டும் தின்னுங்கள்.

உன் தங்கை
மல்வினா


மாஸ்கோ
6 பிப்ரவரி 1953

மல்வினா,

நலம். நலமா?

தயவுசெய்து அனுப்பாதே. கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு டப்பாவும் வேண்டாம். நீ பிடிவாதக்காரி என்பதால் கொஞ்சம் சொல்கிறேன், படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

எங்கள் கிளினிக்கில் என் அறை வாசலில் வரிசை இல்லை. பக்கத்து அறை வரிசை மாடிப்படிவரை நிற்கிறது. நேற்று ஒருத்தி தெரியாமல் என்னிடம் வந்துவிட்டாள். ஐந்து வயதுப் பையனுக்கு நல்ல காய்ச்சல். நான் கரண்டியை எடுத்துக்கொண்டு, "ஆ காட்டு கண்ணு" என்றேன். அதற்குள் அவள் கதவில் என் பெயரைப் படித்துவிட்டாள் போலிருக்கிறது. "வாயத் தொறக்காதடா!" என்று ஒரு கத்துக் கத்தினாள். பையன் வாயை இறுக்க மூடிக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் என்னமோ செய்யப் போகிறேன் என்று நிஜமாகவே பயந்துவிட்டான், மல்வினா. முப்பத்தொன்பது டிகிரி காய்ச்சலோடு அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டிலும் அப்படித்தான். கிளாவ்தியா தன் உப்பு டப்பாவைக்கூட அடுக்களையிலிருந்து அறைக்குள் எடுத்துப் போய்விட்டாள். நான் அடுப்படிக்குப் போனால் தாஸ்யாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொள்கிறாள். மற்றபடி வணக்கம் சொல்கிறாள். நானும் சொல்கிறேன்.

கசகசா என்றால் அவர்களுக்கு என்ன என்று யோசித்துப் பார். இதற்குமேல் எழுத மாட்டேன்.

ரெஜினா


செர்னோவ்ட்சி
13 பிப்ரவரி 1953

அக்கா,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. வாசலில் நின்றபடியே படித்தேன். பார்சல் திங்கட்கிழமையே போய்விட்டது.

ஒரே ஓட்டமாகத் தபால் நிலையத்துக்குப் போனேன். "வீட்டில ஒரு அவசரம், அந்தப் பார்சலைத் திருப்பிக் குடுத்துடுங்க" என்றேன். "ரயில் ஏறியாச்சே. ஏன், உள்ள என்ன வெச்சீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள். "பலகாரம்தான்" என்றேன். "பலகாரத்துக்கா இப்படி மூச்சிரைக்க ஓடி வந்தீங்க?" என்றாள். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓடிப்போனதே தப்போ என்று வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

டப்பாவின் மேல் என் பெயரும் முகவரியும் பெரிய எழுத்தில் இருக்கிறது. நீ தபால் நிலையத்துப் பக்கமே போகாதே. அத்தான் போகட்டும். வாங்கியதும் வழியிலேயே ஆற்றில் போட்டுவிடச் சொல். பனியில் ஓட்டை கிடைக்காவிட்டால் எங்கேயாவது புதைக்கச் சொல். சர்க்கரை குறைத்துத்தான் செய்தேன். இதை எதற்கு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஒரு வரி பதில் போடு. "நலம்" என்று மட்டும் எழுதினாலும் போதும்.

மல்வினா


மாஸ்கோ
3 மார்ச் 1953

அன்புள்ள மல்வினாவுக்கு,

நாவும் எழுதுவது. இங்கு யாவரும் நலம். உங்கள் இருவரின் நலம் அறிய விரும்புகிறேன்.

ரெஜினா வேலை நிமித்தமாக வெளியூர் போயிருக்கிறாள். திடீரென்று புறப்பட வேண்டியதாயிற்று. திரும்பி வரும் தேதி தெரியாது. கம்பளிக் காலுறை எடுத்துப் போயிருக்கிறாள், கண்ணாடியை மறந்துவிட்டாள்.

பார்சல் வந்திருப்பதாகச் சீட்டு வந்தது. நான் தபால் நிலையம் போவதற்கு முன்பே யாரோ அதை வாங்கிப் போயிருந்தார்கள். கையெழுத்தைக் காட்ட மாட்டேன் என்றுவிட்டார்கள்.

என் பள்ளிக்கூடத்தில் இந்தப் பருவத்துக்கு எனக்கு வகுப்பு இல்லை. நிறைய ஓய்வு. நானாக எழுதும்வரை கடிதம் எழுத வேண்டாம். ஹெர்ஷுக்கு என் அன்பு.

நாவும்


செர்னோவ்ட்சி
11 மார்ச் 1953

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை. மன்னிக்க வேண்டும். எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை.

நாட்டுத் தலைவர் இறந்த செய்தி ரேடியோவில் வந்தபோது ஆலையில் எல்லா மெஷினையும் நிறுத்தினார்கள். பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன். நாஸ்த்யா என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "நீயுமா அழறே?" என்றாள். யாருக்காக அழுதேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

அக்காவின் வெளியூர் வேலை எப்படிப்பட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நீங்கள் எழுதாததை நானே எழுதிவிட்டேன், இனி யார் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும்.

ஹெர்ஷின் ரயில் பணிமனையில் ஒரு பேச்சு ஓடுகிறது. காலிப் பெட்டிகளைப் பழுது பார்த்து வரிசையாக நிறுத்துகிறார்களாம். கிழக்கே அனுப்பவாம். யாரை என்று சொல்பவர்கள் எங்களைக் கண்டதும் பேச்சை மாற்றுகிறார்கள். ஹெர்ஷ் இரண்டு மூட்டை கட்டிக் கதவோரம் வைத்திருக்கிறார். ஒரு தடவை பெட்டியில் ஏறியவள் நான். பெட்டி எப்படி மணக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்களிடம் யாராவது கேட்டால், அந்தப் பலகாரத்தைச் சுட்டது நான் என்று சொல்லுங்கள். மாவு பிசைந்தது நான், கசகசா அரைத்தது நான், அனுப்பாதே என்று அவள் சொல்லச் சொல்ல அனுப்பியதும் நான். அவளுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மல்வினா


செர்னோவ்ட்சி
30 மார்ச் 1953

அத்தானுக்கு வணக்கம்.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? பதில் இல்லை. இருக்காது என்று தெரிந்தே எழுதுகிறேன்.

இன்று மாலை பாஸ்கா பண்டிகை ஆரம்பம். வீட்டில் ஒன்றும் செய்யவில்லை. நான் செய்த வேறொரு காரியத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் பாதுகாப்பு அலுவலகத்துக்கு நானே போனேன். ஹெர்ஷ் வாசலை மறித்து நின்றுகொண்டு, "தானாப் போய்க் கிணத்துல விழறியா? பைத்தியமா உனக்கு?" என்றார். "அவ ஏற்கெனவே கிணத்துல இருக்கா" என்றேன். பிறகு என்னோடு தெருமுனைவரை வந்து, அங்கேயே நின்றுகொண்டார்.

உள்ளே ஓர் இளம் அதிகாரி. என் பெயர், முகவரி எல்லாம் சொன்னேன். மாஸ்கோவில் டாக்டர் ரெஜினா வீட்டுக்கு வந்த பலகாரம் என் கையால் சுட்டது, விசாரிப்பதானால் என்னை விசாரியுங்கள் என்றேன்.

"எந்தப் பலகாரம்? யாரு உங்களை வரச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் வந்தேன்."

"தானா இங்க யாரும் வர்றதில்லையே" என்றார். சிரிக்கவில்லை. அவருக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை போலிருந்தது. ஒரு தாளை எடுத்து, "சரி, எப்படிச் செஞ்சீங்க, சொல்லுங்க" என்றார். சொன்னேன். கசகசாவைப் பாலில் வேக வைத்ததிலிருந்து எலுமிச்சைத் தோல் துருவிப் போட்டதுவரை ஒன்று விடவில்லை. எழுதிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தி, "முட்டை எதுக்கு?" என்று கேட்டார். "மேல தடவத்தான். அப்பத்தான் அடுப்புல பளபளன்னு வரும்" என்றேன். அதையும் எழுதினார். கையெழுத்துப் போட்டேன். ஊரைவிட்டு வெளியே போகக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இப்போது மாடிப்படியில் காலடி கேட்டால் நானும் ஹெர்ஷும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்கிறோம். காலடி எங்கள் கதவைத் தாண்டிப் போனதும், விட்ட இடத்திலிருந்து பேசுகிறோம்.

நான் செய்தது அவளுக்கு உதவியா, இல்லை இன்னொரு முடிச்சா என்று தெரியவில்லை.

மல்வினா


மாஸ்கோ
15 ஏப்ரல் 1953

என் தங்கமே, மல்வினா,

நான்தான். என் கையெழுத்தே எனக்குப் புதிதாக இருக்கிறது. வீட்டுக்கு வந்துவிட்டேன். நலம். நீங்கள் நலமா? மூட்டையைப் பிரித்து வைக்கச் சொல் ஹெர்ஷிடம். நான்காம் தேதி பேப்பரில் பார்த்திருப்பாய்: டாக்டர்கள்மேல் சொன்னதெல்லாம் பொய்யாம். வெளியே வந்து நான்தான் அதைச் சத்தமாக வாசித்தேன். நாவும் கேட்டுக்கொண்டே என் காலுறையைக் கழற்றிவிட்டார். கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. நிறைய நேரம் நிற்க வைத்தார்கள், அவ்வளவுதான். கேட்காதே.

உனக்குத் தெரிய வேண்டியதை மட்டும் எழுதுகிறேன். முதல் நாளே மேஜைமேல் உன் டப்பா இருந்தது. எழுதியிருந்த பக்கத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். "இதை யாரு சுட்டது?" என்றார் விசாரணைக்காரர். நான் என்றேன்.

"செர்னோவ்ட்சி முத்திரை இருக்கே?"

"போன தடவை போனப்ப சுட்டு வெச்சுட்டு வந்தேன். அங்கேயிருந்து யாரோ அனுப்பினாங்க."

"எப்படிச் சுட்டே?"

மல்வினா, நான் என்ன சொன்னேன் தெரியுமா? மாவை முக்கோணமாக வெட்டி, கசகசாவைப் பச்சையாக உள்ளே வைத்து, எண்ணெயில் பொரித்தேன் என்றேன். என்னைப் போலவே அந்த மனிதருக்கும் சமையல் தெரியாது. மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்ணுக்குத் தெரியும். அவள் விரல்கள் ஒரு கணம் நின்றன. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு நான் சொன்னபடியே தட்டினாள்.

"போன வருஷம் இதைத்தானே குழந்தைங்களுக்குக் குடுத்துப் பார்த்தே? ஒரு குழந்தை அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிச்சாமே" என்றார் அவர்.

அந்த வார்த்தை. அதே வார்த்தை. அது எந்த வாயிலிருந்து போனது என்று எனக்கு உடனே தெரிந்தது.

அப்புறம் ஒருநாள் அவர் கோபமாக வந்து உன் வாக்குமூலத்தை மேஜைமேல் எறிந்தார். "ஒருத்தி பொரிச்சேங்கறா. இன்னொருத்தி அடுப்புல சுட்டேங்கறா, முட்டை தடவினேங்கறா. யாரு பொய் சொல்றது?" உன் கையெழுத்தைப் பார்த்ததும் உன்னையும் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் மிக மோசம். அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் ஒன்றுமேயில்லை.

நீ ஏன் போனாய்? அறிவு கெட்டவளே, ஏன் போனாய்?

நாங்கள் அதே அறையில்தான் இருக்கிறோம். வேறு இடம் கிடையாது. கிளாவ்தியாவும் சுவருக்கு அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறாள்.

உன் அக்கா
ரெஜினா


செர்னோவ்ட்சி
26 ஏப்ரல் 1953

அக்கா, என் அக்கா,

நாங்கள் இரண்டு பேரும் நல்ல சுகம். உன் கடிதத்தை ஹெர்ஷ் வாசிக்க நான் கேட்டேன், பிறகு நான் வாசிக்க அவர் கேட்டார். எண்ணெயில் பொரித்தாயாமே! கசகசாவைப் பச்சையாக வைத்தாயாமே! சிரித்துச் சிரித்து மூச்சு முட்டிவிட்டது. பிறகு அது சிரிப்பாக இல்லை. ஹெர்ஷ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஏன் போனேன் என்று கேட்கிறாய். நீ ஏன் பொரித்தாய்?

காலை வெந்நீரில் வைக்கிறாயா? கிளினிக்கில் திரும்ப எடுத்துக்கொண்டார்களா? அத்தானுக்கு வகுப்பு கொடுத்தார்களா? எல்லாம் எழுது. நாஸ்த்யா மறுபடி என் பக்கத்தில் உட்காருகிறாள். "அப்பவே எனக்குத் தெரியும், எல்லாம் சும்மா கட்டிவிட்டதுன்னு" என்கிறாள். நான் ரொட்டியைப் பிட்டு அவளுக்கும் கொடுத்தேன். கொடுத்த பிறகு என் கையைக் கழுவ வேண்டும்போல் இருந்தது.

அந்தக் கிளாவ்தியா முகத்தில் நீ எப்படி விழிக்கிறாய்? நானாக இருந்தால் அவள் சூப்பில் துப்பியிருப்பேன். தலைமுடியைப் பிடித்து அடுக்களை நடுவில் நிறுத்தி, ஐந்து குடும்பமும் கேட்க, "சொல்லுடி, என்ன எழுதிக் குடுத்தே?" என்று கேட்டிருப்பேன். நீ கேட்டாயா? கேட்க மாட்டாய். நீ வணக்கம் சொல்லியிருப்பாய்.

எனக்கு ஊரைவிட்டுப் போகக் கூடாது என்ற உத்தரவை இன்னும் நீக்கவில்லை. நீக்கச் சொல்லி யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. கேட்கப் போனால் அந்தத் தாளை மறுபடி எடுப்பார்கள். அதனால் கேட்கவில்லை.

உன் தங்கை
மல்வினா


மாஸ்கோ
20 மே 1953

அன்புள்ள மல்வினாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன். கால் வீக்கம் வடிந்துவிட்டது. நாவுமுக்கு மாலை வகுப்பு மட்டும் கொடுத்திருக்கிறார்கள். நான் இந்த மாத ஆரம்பத்தில் வேலையில் சேர்ந்தேன். தலைமை டாக்டர் எல்லார் முன்னாலும் எழுந்து என் கையைக் குலுக்கினார். என் பெயர்ப் பலகையைப் பழையபடி மாட்டியிருக்கிறார்கள். பழைய ஆணியைக் காணோமாம், புதிதாக அடித்தார்கள்.

கிளாவ்தியாவிடம் கேட்டாயா என்று எழுதியிருந்தாய். கேட்கவில்லை. வணக்கம் சொன்னேன். நடந்ததைச் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவளே வந்து கதவைத் தட்டினாள். தலையில் துணிகூட இல்லை. "டாக்டரம்மா, தாஸ்யாவுக்கு மூச்சு இழுக்குது. ஆம்புலன்ஸுக்கு ஃபோன் பண்ணினா யாரும் எடுக்கல. கொஞ்சம் வாங்களேன்" என்றாள். நாவும் என்னைப் பார்த்தார். நான் பையை எடுத்துக்கொண்டு போனேன்.

பிள்ளைக்குத் தொண்டை அடைத்துக்கொண்டிருந்தது. வெந்நீர் ஆவி பிடிக்க வைத்தேன். முதுகைத் தேய்த்துவிட்டேன். மூச்சு கொஞ்சம் சீரானது. காய்ச்சல் அதிகமாக இருந்ததால் பையிலிருந்து மருந்தை எடுத்துக் கரண்டியில் ஊற்றினேன். ஊற்றும்போது நிமிர்ந்தேன். கிளாவ்தியாவின் கண் கரண்டியின் மேலேயே இருந்தது. கரண்டி இந்தப் பக்கம் போனால் கண்ணும் இந்தப் பக்கம் வருகிறது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டியிருப்பேனோ என்னவோ. கேட்காததால் என்ன செய்வதென்று தெரியவில்லை. கரண்டியை என் வாயில் வைத்துக் குடித்தேன். கசப்பு. பிறகு துடைத்துவிட்டு மறுபடி ஊற்றிப் பிள்ளைக்குக் கொடுத்தேன். தாஸ்யா உடனே விழுங்கிவிட்டாள்.

கிளாவ்தியா சுவரோரம் நின்றபடியே, "நான் ஒண்ணும் சொல்லலையே டாக்டரம்மா" என்றாள்.

"தெரியும். நீங்க ஒண்ணும் சொல்லல" என்றேன்.

"சத்தியமா நான் ஒண்ணும் சொல்லல."

"சரி. ரெண்டு மணிக்கொருதரம் தண்ணி குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். காலையில் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. அடுக்களையில் அவளுடைய உப்பு டப்பா பழைய இடத்துக்கு வந்திருந்தது. நான் அதைத் தொடவில்லை.

இதை அவளைப் பற்றிச் சொல்வதற்காக எழுதவில்லை, மல்வினா. நேற்று கிளினிக்கில் ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள். வெளியூர்க்காரி, சின்னப் பெண். என் பெயர்ப் பலகையை அவள் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலும் அவளுக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. அவ்வளவு நம்பிக்கையாகப் பிள்ளையை என் மடியில் வைத்தாள். நான் மருந்தை ஊற்றினேன். பிள்ளை வாயைத் திறந்தது. என் கை என் வாய்க்குத்தான் வந்தது. நான் நினைத்துச் செய்யவில்லை. குடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பெண் திகைத்துப் போய், "டாக்டரம்மா, உங்களுக்கும் காய்ச்சலா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஹெர்ஷுக்கு என் அன்பு. குளிர் போய்விட்டது, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

உன் அக்கா
ரெஜினா